பெட்டியில் மிஞ்சிய போல்ட்

அந்தப் பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரித்துப்போட்டு, பிஸ்டன் தண்டுகளுக்கான எட்டு போல்ட்கள் ஜப்பானிலிருந்து வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தேன். இறுக்கும்போதே இழுபட்டு நீளுகிற போல்ட்கள் அவை. ஒருமுறைக்கு மேல் பாவிக்கக்கூடாது.

யுத்த காலத்தில் திருகோணமலைக்குப் புதிய சாமான் வராது. கழற்றியதையே டீசலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பூட்டுவோம். அந்தப் பழக்கம் இன்னும் கையை விடவில்லை. எறியவேண்டிய பழைய எட்டையும் பளபளவென்று மினுக்கி, புதிய பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், சனியன்!

எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு முதுகை நிமிர்த்தினால், பெட்டிக்குள் புதிது ஒன்று மிஞ்சிக் கிடக்கிறது.

உள்ளே போன பழையது எது? டோர்ச் அடித்துப் பார்த்தேன். எட்டும் ஒரே மினுக்கம். அப்படியே விட்டால் ஓட்டத்தில் அறுந்து எஞ்சினையே உடைக்கும். கழற்றி அளந்தால் பிடிபடும். ஆனால், கழற்றினால் புதிய ஏழும் பழையவையாகிவிடும்.

கார்க்காரர் லிங்கநகரிலிருந்து போன் எடுத்தார்.

“அண்ணை, போல்ட் எல்லாம் பூட்டியாச்சோ?”

“ஓம் தம்பி, பூட்டினனான்,” என்றேன். “இப்ப கழட்டப்போறன்.”