அஞ்சலையின் இடுப்பில் ஒரு விரிசல்

2007 ஜூலையில் ஒரு சனிக்கிழமை விருத்தாசலம் போனேன். எதற்கென்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பொறாமை. ஓவியக் கல்லூரியில் என்னோடு சிற்பம் படித்த ஜெயந்தி, அந்த ஊரில் கொட்டகை போட்டு, பெண்களின் உடம்பை உள்ளபடியே களிமண்ணில் செய்து பாண்டிச்சேரியில் கண்காட்சி வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். ஹாஸ்டலில் அவளைத் 'தண்ணி டேங்க்' என்று கூப்பிடுவோம். நான் ஒல்லி, சிவப்பு. மாடலாக உட்காரச் சொல்லி எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் மண்ணைத் தொடவே இல்லை.

கோயம்பேட்டில் காலை ஆறு மணிக்குப் பஸ். டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய், ஐந்தரை மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பகுதிக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய்.

"கப்பு சாஸர் வாங்கவாங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லை, சிலை பார்க்க."

"அட, அந்தத் தொப்ப வச்ச பொம்பளைங்களா! எங்க வூட்டுல போயிப் பாத்துட்டு வந்து ரெண்டு நாளு என்னை வாயத் தொறக்க வுடலீங்க."

ஜெயந்தியின் கொட்டகை ஒரு பொம்மைக் கம்பெனிக்குப் பின்னால் இருந்தது. வெளியே ஒரு பிடி இடுப்போடு நூற்றுக்கணக்கான அம்மன் பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே ஆளுயரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தொங்கிய மார்பு, மூன்று மடிப்பு வயிறு, அதன் குறுக்கே ஆபரேஷன் தழும்பு. பார்த்ததும் என் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். பதினைந்து வருடப் பழக்கம்.

"இன்னும் குண்டாயிட்டியே" என்றேன், ஜெயந்தியைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே.

"எட்டு கிலோ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிலைக்கு உட்கார்ந்தவர் அஞ்சலை. கம்மாபுரத்திலிருந்து வந்து பக்கத்துக் கம்பெனியில் அம்மன் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். "மொதல்ல வெக்கமா இருந்துச்சுங்க. இவங்க ஒரு மாசம் பாத்துப் பாத்து செஞ்சாங்க. எங்க வூட்டுக்காரரு கூட என்னை இவ்ளோ நேரம் பாத்தது இல்லீங்க" என்றார்.

ஜெயந்தி டீ வாங்கப் போனபோது சிலையைச் சுற்றி வந்தேன். பின்பக்கம், இடுப்பும் தொடையும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அப்படியே சூளைக்குப் போனால் வெடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஜெயந்தி வந்தாள். டீயை வாங்கிக் குடித்தேன். எதுவும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போதும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு, சூளைக்குக் கொண்டுபோக, நான்கு பேர் சிலையைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அஞ்சலை அதன் முழங்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தார். "மெதுவா போங்க. என்னைக் கீழ போட்டுடாதீங்க."

"நிறுத்துங்க" என்று கத்தினேன்.

ஜெயந்தி விரிசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எப்பப் பாத்த?"

"நீ டீ வாங்கப் போனப்ப."

"வயித்தெரிச்சலா?"

"ஆமா."

அவள் திட்டவில்லை. விரிசலை அடைக்க வினிகரில் களிமண்ணைக் குழைத்து, கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "தேய்."

அடுத்தவளின் இடுப்பில் அரை மணி நேரம் தேய்த்தேன். "நல்லா அழுத்துங்க, வலிக்காது" என்றார் அஞ்சலை. எப்போது வயிற்றைத் தளர விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பொறாமை போகவில்லை. ஜெயந்தியின் கை அந்த மண்ணில் போன வேகம் என் கைக்கு வரவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. பொம்மைக் கம்பெனிகளில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். வெள்ளைத் துணி வேண்டாம். திரும்பும்போது நேர் பஸ் கிடைக்காவிட்டால் வேப்பூர் போய்விடுங்கள். நெடுஞ்சாலையில் சென்னைப் பஸ் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஜெயந்தி போன் செய்தாள். சிலை முழுசாக வெந்து வந்துவிட்டதாம். ரொம்ப சந்தோஷம் என்றேன். அதில் பாதிக்கு மேல் உண்மை.