வரிசையின் அடியில் ரப்பர் இலைகள்

சிபாரிசு என்றாலே எனக்கு ஆகாது. நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய கணினித் தொகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். கிளஸ்டர் என்போம். அவரவர் வேலையை அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் வரிசை என்பது பெயரளவுக்குத்தான். ஒரு துறைத் தலைவர் போன் பண்ணுவார், அவருடைய மாணவரின் வேலை முன்னால் போய்விடும். இன்னொருவர் ஒரு பொதி நேந்திரங்காய் வற்றலோடு வருவார். வற்றலை நானும் தின்றிருக்கிறேன், மறைப்பானேன்.

எனக்கே வெறுத்துப்போய், முறை வைக்கும் பொறுப்பை ஒரு நிரலிடம் ஒப்படைத்தேன். சமீபத்தில் நிறைய வேலை ஓட்டிய பயனர் கணக்குக்கு முறை பிந்தும், குறைவாக ஓட்டிய கணக்குக்கு முந்தும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. முதல்வரின் போனுக்கே முடியாது என்று சொன்ன நாளில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அந்தத் திமிரில் இருந்தபோதுதான் மலையோரக் கீரிப்பாறையிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி என் அறைக்கு வந்தார். ரப்பர் இலைப் படத்தைப் பார்த்து நோய் இன்னதென்று கணினியைச் சொல்லவைப்பது அவருடைய ஆராய்ச்சி. கடைசிச் சோதனை ஒன்று பாக்கி, அது மூன்று நாள் ஓட வேண்டும். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. பதிவே ரத்தாகிவிடும், ஆறு வருட உழைப்பு போச்சு. அவர் அனுப்பிய வேலையோ இரண்டு வாரமாக வரிசையின் அடியில் கிடந்தது.

மூன்று தடவை வந்தார். முதல் தடவை, முறைப்படிதான் வரும் என்று அனுப்பினேன். இரண்டாம் தடவை, ஒருவருக்கு வளைந்தால் எல்லோருக்கும் வளைய வேண்டும் என்று சின்னப் பிரசங்கமே வைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை, மலைக்குப் போகும் பஸ்சுக்கும் நேரமாகிவிட்டது, போய்விட்டார். மூன்றாவது தடவை, கடைசி நாள் வரும் வாரத்தின் திங்கட்கிழமை காலையில் வந்து நின்றபோது எரிச்சல் வந்தது. உங்கள் கணக்கில் எவ்வளவு ஓடியிருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

பட்டியல் நீளமாக இருந்தது. எக்ஸ்ரே படங்கள், மீன் படங்கள், தென்னை ஓலைப் படங்கள். ரப்பர் இலை ஓரிடத்தில்கூட இல்லை.

"இதொண்ணும் எனக்குள்ளது இல்ல சார்," என்றார். "கைடு சாருக்க கணக்குலதான் நாங்க நாலு பேரும் போடுதோம்."

பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி லேப் அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்களாம். ஆளுக்கொரு கணக்கு கேட்டபோது, ஒரே வீட்டுக்கு எதற்கு நாலு ரேஷன் கார்டு என்று கைடு சிரித்துவிட்டாராம். அவர் கெட்ட மனிதர் அல்ல. புதுக் கணக்குக்கான பாரத்தில் மூன்று கையெழுத்து வேண்டும், சலித்துப்போயிருப்பார். அந்தப் பாரத்தைத் தயாரித்த புண்ணியவான் நான்தான். கணக்குகளைச் சமமாக நடத்திவிட்டு, ஆட்களைச் சமமாக நடத்தியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இயற்பியல் துறையில் ஒரு கணக்குக்கு ஒரு ஆள், இங்கே நாலு பேர். மற்ற மூவர் ஓட்டியதற்கெல்லாம் சேர்த்து இவர் பின்னால் தள்ளப்பட்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மற்ற மூவருக்கும் சேர்த்து நாலு பாரங்களை எடுத்துக்கொண்டு நானே நடந்து கையெழுத்து வாங்கினேன். மத்தியானத்துக்குள் கணக்குகள் தயார். இதுவரை ஒன்றுமே ஓட்டாத புதுக் கணக்கிலிருந்து மறுபடி அனுப்பியதால், என் விதிப்படியே அவருடைய வேலை மேலே ஏறி ஓடத் தொடங்கியது. வியாழக்கிழமை முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தார். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு அவசரம் என்று தெரிந்தும் உங்களை முன்னால் விடாமல் போனேனே, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"முன்னால விடச் சொல்லி நா ஒருநாளும் கேக்கலியே சார். ஏன் நகராம நிக்குன்னு ஒண்ணு பாருங்கன்னுதான கேட்டேன்."

மூன்று தடவையும் அவர் அதைத்தான் கேட்டிருந்தார்.