அத்திப்பள்ளி தாண்டி வந்த ஊசி

ஓசூரில், மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. கல்லீரலைப் பிடிக்கிற காமாலைக் கிருமி என்று டாக்டரம்மா விளக்கினார். பிரசவத்துக்குத் துணையாக விருதுநகரிலிருந்து வந்திருந்த மதினி, அதாவது என் கணவரின் அக்கா, காமாலை என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உப்பில்லை, எண்ணெயில்லை, விடிந்தால் கீழாநெல்லிச் சாறு. என் கண்ணில் மஞ்சளே இல்லையே என்றால், “உள்ளுக்குள்ள இருக்குத்தா, குடி” என்பார். உள்ளுக்குள் இருந்தது உண்மைதான், கீழாநெல்லிக்கு அது அசைந்து கொடுக்கவில்லை.

பிரசவத்தில் பிள்ளைக்கும் தொற்றலாம், பிஞ்சில் தொற்றினால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. வழியையும் அவரே சொன்னார். பிறந்த அன்றே இரண்டு தொடையிலும் ஒவ்வொரு ஊசி. தடுப்பூசி ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. கூடப் போட வேண்டிய மற்றதை, கிருமியை அப்போதே மடக்குகிற ஊசியை, பெங்களூரிலிருந்து வாங்கி வர வேண்டும். அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தோம். மகள் அவசரக்காரி, முந்திக்கொண்டாள்.

தகவல் போனதும் கணவர் கம்பெனி யூனிபாரத்தோடு பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. மதினி சர்க்கரைத் தண்ணீரோடு வாசலைப் பார்த்து நின்றார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சேனை தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தம்பியின் பொறுமை வரட்டும், தன் கோபம் வேண்டாம் என்பது மதினியின் கணக்கு. நானோ வழியில் மாநில எல்லையான அத்திப்பள்ளியில் லாரிகள் வழியை அடைத்திருக்கக் கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை.

பொழுது சாயும்போது கணவர் ஐஸ் டப்பாவும் கையுமாக வந்தார்.

“மொதல்ல சேனையத் தொட்டு வையிடா. ஊசி எங்கயும் ஓடிராது” என்றார் மதினி.

அந்தப் பொறுமைசாலி அன்றைக்குத்தான் அக்காவிடம் குரலை உயர்த்தினார். “வழிய விடுக்கா.”

நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டு மதினியின் கிண்ணத்தைப் பார்த்தார். “தண்ணி கிண்ணி எதுவும் குடுக்கக் கூடாதுங்க. தாய்ப்பால் மட்டும்தான்.”

நான் தயங்கிக் கேட்டேன், “நான் குடுக்கலாமா?”

“ஊசிதான் போட்டாச்சே. தாராளமா குடுங்க.”

அந்தத் ‘தாராளமா’வுக்காக அவருக்குக் கோயிலே கட்டலாம்.

மீதித் தவணைகளையும் தவறாமல் போட்டோம். முதல் பிறந்த நாள் கழிந்து ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா, “பாப்பாவுக்கு இல்லம்மா. எதிர்ப்புச் சக்தியும் நல்லா வந்திருக்கு” என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சில வருடங்களில் அந்தத் தடுப்பூசி எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகவே வந்தது. இப்போதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தொற்றைப் பார்ப்பது அரிதாகிவிட்டது என்று டாக்டரம்மா சொல்வார். எனக்கு இது என் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், அவருக்கு அவர் அம்மாவிடமிருந்து. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. எத்தனை தலைமுறையாக வந்ததோ, என்னோடு நின்றுவிட்டது.