சிப்ஸ் கடை அக்காவின் முகம்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கொதிக்கும் வாணலிக்கு மேல் வாழைக்காய் சீவும் ஒரு பெண். அடுப்பு, வாணலி, பின்னால் தொங்கும் பாக்கெட்டுகள் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. அவர் மட்டும் கலங்கலாக இருக்கிறார். கை ஒரு வெள்ளைக் கீற்று, முகம் வெறும் தீற்றல். வருகிறவர்கள் எல்லாரும் மெச்சுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கிறது அக்காவின் சிப்ஸ் கடை. திறந்த நாளில் கணவரின் நண்பர்கள் போட்ட ஃபிளெக்ஸ் பலகையில் கூலிங் கிளாஸோடு கணவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கம்பெனி கேப் ஓட்டுகிறவர். அவர் கடைக்குள் நின்று நான் பார்த்ததில்லை. பலகை வெயிலில் வெளுத்துப்போக, ஆயுத பூஜைக்குள் புதிது போட முடிவாயிற்று. என் கையில் கேமராவைப் பார்த்த அக்கா கேட்டார்: "வறுக்கிறது நானு, மூஞ்சி அவருதா சார்? இந்த வாட்டி என்னுது வரட்டும். ஒண்ணு நல்லா எடுத்துக் குடுங்க."

எனக்கோ அப்போது வேறு பைத்தியம். ஷட்டரை மெதுவாக்கி, அசைவை அசைவாகவே பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அக்கா விசேஷப் புடவையும் மல்லிகையுமாக வந்தார். நான் கேமராவைத் தூக்கினால் போதும், கை நின்றுவிடும். தாடையை உயர்த்தி, பிடித்து வைத்த பிள்ளையார்போல நிற்பார். எண்ணெய் நிற்குமா? இரண்டு ஈடு கருகியது. "என்னைப் பாக்காதீங்கக்கா, வேலையப் பாருங்க" என்று கத்தினேன். "போட்டோன்னா ஆடக்கூடாதுல்ல சார்?" என்றார். அவர் அசையாமல் நின்ற படங்களை ஒன்று விடாமல் அங்கேயே அழித்தேன். கடைசியில் கேமராவை மேசைமேல் வைத்து, முடிந்தது என்று பொய் சொன்னேன். அக்கா நிம்மதியாக வாழைக்காயை எடுத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

படத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. இதுல நான் எங்க சார்?" என்றார். அசைவின் அழகைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். ஃபிளெக்ஸ் கடையில் முகமே இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அக்கா போன் செய்தபோது நான் விடுமுறைக்குச் சென்னை ரயிலில் இருந்தேன். "நின்னுக்கினு இருந்தப்ப எடுத்தீங்களே, அதுல ஒண்ணு அனுப்புங்க சார். இன்னைக்கே குடுக்கணுமாம்."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். "பரவால்ல சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

திரும்பி வந்தபோது புதுப் பலகை ஏறியிருந்தது. கணவரின் மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். "இது கிழியட்டும், பாக்கலாம்" என்றார் அக்கா, சீவிக்கொண்டே. இந்த ஃபிளெக்ஸ்கள் லேசில் கிழிவதில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பன் வழியில் அக்காவிடமே சிப்ஸ் வாங்கி வந்தான். பொட்டலத்தைப் பிரித்துத் தின்றபடி படத்தின் முன்னால் நின்று, "சூப்பர்டா. யாரு இது?" என்றான்.