அந்தத் தோட்டாவை வீரமுத்து தேர்ந்தெடுக்கவில்லை

வீரமுத்துவை யானை மிதித்துக் கொன்றுவிட்ட செய்தியை நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தபால்காரர் செவ்வாய்க்கிழமை காலை பதுளையில் என் தோட்டாக் கடைக்குக் கொண்டுவந்தார். அண்ணன் முறைக்கு எல்லோரும் கூப்பிடுவதுபோல என்னை நானா என்று அழைத்து, கூடவே இன்னொன்றும் சொன்னார்: "அவருதான் மாத்தித் தோட்டா எடுத்துட்டாராம் நானா. தொரை அப்படித்தான் சொல்றாரு." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை அறிந்த உங்களுக்கும் எரியும்.

பத்து வருடமாக வேட்டையில் தோட்டத்துத் துரைக்குத் துப்பாக்கி தூக்கியவர் அவர். தோட்டா வாங்க மலையிறங்கி வந்தால் என் மேசையில் துணியை விரித்து, ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். யானைக்கு அவர் எடுப்பது முனைவரை உலோக உறை மூடிய குண்டு மட்டும்தான். அதைக் கெட்டிக்குண்டு என்பார். உறையில் நகம் இடறினால் தள்ளிவைப்பார். தோட்டாவின் கழுத்தில் குண்டு துளி அசைந்தாலும் தள்ளிவைப்பார். ஒருமுறை இருபதில் ஏழைத் தள்ளியதும் எனக்குச் சலித்துவிட்டது. "பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்றேன். "பொண்ணு சரியில்லேன்னா உசிரோட வீடு திரும்பலாம் நானா," என்றார். கடையே சிரித்தது.

முனையில் ஈயம் தெரியும் குண்டு வேறு சாதி. பட்டதும் விரியும், மானை விழுத்த அது போதும். யானைக்கும் அதுவே நல்லது, காயம் பெரிதாகும் என்று யாரோ சிநேகிதர் துரையின் காதில் ஓதிவிட்டார். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே வீரமுத்து மறுத்தாராம்: "இல்லீங்க தொரை. ஆனைக்கு மண்டைக்குள்ள போகணும். போற வழியில வாயப் பொளந்தா எலும்போட நின்னுரும்." துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ துப்பாக்கி தூக்கு. யோசனை எனக்கு," என்றாராம். இதை வீரமுத்துவே என்னிடம் சொன்னார்.

கடைசியாக வந்தபோது துரை எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினார். ஈய முனைத் தோட்டா இரண்டு பெட்டி என்றிருந்தது. பசறைக்குக் கீழே ஒற்றை யானை ஒன்று இறங்கியிருப்பது ஊருக்கே தெரியும். "கெட்டிக்குண்டு ரெண்டே ரெண்டு குடுங்க நானா, என் மடியில வச்சுக்கிறேன்," என்று கேட்டார். துண்டில் இல்லாததைத் தோட்டத்து ஆளுக்குக் கொடுப்பது எங்கள் கடைகளில் வழக்கமில்லை. துரைமார் காதுக்குப் போனால் அப்புறம் ஒருவரும் படியேற மாட்டார்கள். முடியாது என்றேன்.  பிறகு அந்த ஈய முனைகளையே உருட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்.

கூடப் போனவர்கள் சொன்னது இதுதான். துரை சுட்டார். குண்டு மண்டையெலும்பில் விரிந்து நின்றுவிட்டது. யானை திரும்பியது. துரை ஓடினார். இரண்டாவது துப்பாக்கியோடு வீரமுத்து ஓடாமல் நின்று சுட்டார். அதிலும் அதே ஈய முனைதான். ஓடிய மனிதர் இன்று பங்களாவில் நன்றாகச் சாப்பிடுகிறார். செத்தவர் மேல் பழி. அவர் மனைவி பொன்னம்மாவைப் பார்த்து, "ஒன் புருசன் தொரையையே கொல்லப் பாத்தானே" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் கங்காணி கேட்டிருக்கிறான். அவன் நாக்கு அழுகட்டும்.

துரையைத் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. வீரமுத்துவின் சாவு பற்றிய விசாரணைக்கு முந்தின நாள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வந்தார். "தொரையோட துண்டு இருந்தா குடுங்க," என்றார். எதற்கு என்று தெரிந்தே எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் விசாரணையில் என்னிடம், தோட்டாவை எடுத்துப் போனது யார் என்று கேட்டார்கள். வீரமுத்து என்றேன். யார் எழுதிக் கேட்டது என்று எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தூ!

வீரமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது துரையின் முகத்துக்கு நேரே அவர் சொன்ன அந்த "இல்லீங்க" ஒன்றுதான். பிந்தினாலும் நானும் சொல்கிறேன். இல்லை, அவர் மாற்றி எடுக்கவில்லை. துரை எழுதிக் கேட்டதைப் படித்தவன் நான். அவர் கெஞ்சிக் கேட்ட இரண்டு தோட்டாவைக் கொடுக்காதவனும் நான். இதில் கையெழுத்திட்டுப் பொன்னம்மாவின் கையில் கொடுக்கிறேன். துரைக்கு வேண்டுமானால் இதையும் கேட்டு ஆள் அனுப்பட்டும்.