நான் சொல்லாமல் விட்ட சாட்சி

அக்காவைக் கிராமச் சங்கத் தேர்தலில் நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நியமனப் பத்திரத்தைத் தானே போய் வாங்கிவந்து, எங்கள் குசினி வாசலில் இருந்துகொண்டு, "பிள்ளை, உன்ர எழுத்து வடிவு. இதை நிரப்பித் தா" என்றார்.

ஐம்பதுகளின் கடைசி அது. மல்லாவிக்கு அப்பால், குளத்துக்குக் கீழே புதிதாகத் திறந்த குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டி வயல் செய்துகொண்டிருந்தோம். அக்கா எனக்குச் சொந்தமில்லை. பக்கத்துக் காணி. முப்பத்தைந்து வயதிருக்கும், பிள்ளைகள் இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். வாசிப்பார், எழுத்துத்தான் கோணல்.

காடு வெட்டியதும் வேர் கிளப்பியதும் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான். காணிக்கு அரசாங்கம் தந்த பெமிற் பத்திரம் மட்டும் ஆம்பிளையின் பெயரில். அது அக்காவுக்கு ஆறவில்லை. வரம்பு வரம்பாக நடந்துபோய்ப் பெண்களிடம் வோட்டுக் கேட்டார். "அவர் சொல்லுற ஆளுக்கே நீயும் போட்டால் அவருக்கு ரெண்டு வோட்டு, உனக்கு ஒண்டுமில்லை" என்பார். சிலர் சிரித்தார்கள். ஆனாலும் சொற்ப வாக்குகளால் வென்றுவிட்டார். அதிகம் பேசாத அவருடைய கணவர் மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டு வந்து, "இனி நல்ல சீலை ஒண்டு வாங்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

சங்கத்தில் அவர் ஒருவர்தான் பெண். முதல் கூட்டத்தில் நெடுநேரம் பேசியிருக்கிறார். அறிக்கைப் புத்தகத்தில் "பெண் அங்கத்தவரும் பேசினார்" என்ற ஒரு வரிதான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டம் முடிந்தும் நேரே என்னிடம் வருவார். பேசியதையெல்லாம் திரும்பச் சொல்ல, நான் ஒரு கொப்பியில் எழுதுவேன். மனுக்களையும் நானே எழுதினேன். வாய்க்காலில் பெண்கள் குளிக்கத் தனிப் படி கட்டியதும், கிழமைக்கொருமுறை மருத்துவிச்சி பள்ளிக்கூடத்துக்கு வரத் தொடங்கியதும் அந்த மனுக்களால்தான். என் எழுத்துக்கு ஒரு பலன் இருந்ததென்றால் அந்த இரண்டு வருடங்கள்தான்.

பிறகு, எங்கள் வயலை ஒட்டிய காணிக்காரர் காய்ச்சலில் இறந்தார். மனைவிக்கு முப்பத்திரண்டு வயதும் இருக்காது. இரண்டு பெண் பிள்ளைகள். அவள்தான் விதைத்தாள், வரம்பு கட்டினாள், தன் முறை வரும்போது மண்வெட்டியோடு போய்த் தண்ணீர் திருப்பினாள். அடுத்த வயலில் நின்று தினமும் பார்த்தவள் நான். ஆனால் இறந்தவரின் தம்பி, காணி பாழாய்க் கிடக்கிறது, பெண்ணால் செய்ய ஏலாது, பெமிற்றைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். காணி விஷயம் பார்க்கும் அரசாங்கக் கந்தோரான வவுனியாக் கச்சேரியில் விசாரணை வைத்தார்கள்.

அக்கா சாட்சி தேடினார். ஆண்கள் ஒருவரும் வரவில்லை. யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கிற வட்டவிதானை அந்தத் தம்பியின் கூட்டாளி.

"நீ வருவாய்தானே பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

"வாறன் அக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

என் கணவர் சத்தம் போடவில்லை. சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ போய்ச் சொல்லிப்போட்டு வா. கதிர் தள்ளுற நேரம் எங்கட வயலுக்குத் தண்ணி வராது. பிள்ளைக்கு என்னத்தைக் குடுப்பம் எண்டதையும் நீயே யோசி" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

விசாரணை நாள் விடியற்காலை, மாங்குளம் பஸ்ஸுக்குப் போக அக்கா வந்தார். படலைக்கு வெளியே அந்தப் பெண் நின்றாள். நான் பாயில் சுருண்டு படுத்திருந்தேன். "அவளுக்குக் காய்ச்சல்" என்றார் என் கணவர். அக்கா உள்ளே வந்து குனிந்து என் நெற்றியில் கை வைத்தார். நெற்றி குளிர்ந்துதான் கிடந்தது. கையை உடனே எடுக்கவில்லை. நான் கண்ணைத் திறக்கவில்லை.

"ஓம், நல்லாத்தான் காயுது. எழும்பாதை பிள்ளை" என்று, வெளியே நின்றவளுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

சாட்சி இல்லாமல் விசாரணை முடிந்தது. காணி தம்பிக்குப் போனது. அவள் பிள்ளைகளோடும் நான்கு சட்டி பானையோடும் பூநகரியில் இருந்த மாமன் வீட்டுக்கு லொறியில் ஏறிப்போனாள். அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார். ஒரு குடும்பத்துச் சண்டையைக் கச்சேரிவரை கொண்டுபோனவள் என்று ஊரெல்லாம் கதை. பெண்களும்கூட அதையே சொன்னார்கள்.

அக்கா என்னோடு கோபிக்கவில்லை. முன்போலவே வந்தார், கோழி அடைகாப்பதைப் பற்றிக் கதைத்தார், என் மகனைத் தூக்கி வைத்திருந்தார். ஆனால் எழுதித் தா என்று ஒரு தாளையும் அதற்குப் பிறகு என்னிடம் நீட்டவில்லை. அந்தக் கோணல் எழுத்தில் தானே எழுதினார். பூநகரிப் பெண்ணுக்காக நான்கு வருடம் எழுதினார். ஒரு மனுவைத் தபால்கந்தோரில் வைத்துப் பார்த்தேன். 'விதவை' என்பதைப் பிழையாக எழுதியிருந்தார். திருத்தித் தருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வயிற்றில் ஒரு கட்டி வந்து அறுபதுகளின் நடுவில் இறந்துபோனார். பெட்டியை ஆண்கள் சுடலைக்குத் தூக்கிப்போன பிறகுதான், பஸ் பிந்தி, அந்தப் பெண் பூநகரியிலிருந்து வந்து சேர்ந்தாள். வளர்ந்த மகள்மார் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். முற்றத்தில் விழுந்து அழுதவள், எழும்பி என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மாமிதான் எங்களுக்காகச் சாட்சி சொல்ல இருந்தவா" என்றாள் மகள்மாரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்டைக்கு உங்களுக்கு நெருப்பாய்க் காய்ஞ்சதாம். பஸ்ஸில போகேக்க அக்கா சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டவா. அந்த வருத்தம் பிறகு சுகமாகிட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

பின்னேர பஸ்ஸுக்கு அவர்களைச் சந்திவரை கூட்டிப்போனேன். அரை மணி நேரம் காத்திருந்தோம். வேறு ஒருவரும் இல்லை. சொல்லியிருக்கலாம். பெரிய மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம்; சின்னவள் நன்றாகப் படிக்கிறாளாம். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, ஏறிப்போனார்கள்.