தண்ணீர் நிற்காத வெள்ளிக்கிழமை

போன வாரம் ஒரு நாள் லீவு கேட்டேன். ஒரே ஒரு நாள்.

விஷயம் இதுதான். என் தங்கை மல்லிகா குறிஞ்சிப்பாடியில் இருக்கிறாள். அவள் மகளுக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. குழந்தையை யார் மடியில் உட்கார வைத்துக் குத்துவார்கள்? தாய்மாமன் மடியில். அந்தக் குழந்தைக்கு மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான்.

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் சிதம்பரம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பம்ப் ஆபரேட்டர். குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் தண்ணீர் ஏற்றுவது என் வேலை. விடிகாலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஏற்றாவிட்டால் புரொபசர் வீட்டிலும் பக்கெட் காலி, பியூன் வீட்டிலும் பக்கெட் காலி.

முன்பு மூன்று பேர் இருந்தோம். ஒருவர் ரிட்டயர்டு ஆனார். இன்னொருவரை வேறு மாவட்டத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாதாம். தடையாம். வருட இன்க்ரிமென்ட்டும் நின்றுவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வந்துவிடுமா?

லீவு கேட்டால் ‘மாற்று ஆள்’ யார் என்று சொல்ல வேண்டும். பெயர் இருந்தால்தான் லீவு. யார் பெயரை எழுத? அந்த இடத்தைக் காலியாக விட்டு லெட்டரைக் கொடுத்தேன்.

வாங்கியவர் சூப்பரிண்டெண்ட் ஞானசேகரன் சார். நல்ல மனிதர். ஆனால் அவர் ஒரு ஆள் இல்லை — இரண்டு ஆள். எங்கள் பராமரிப்பு செக்‌ஷனுக்கு அவர்தான். லீவு சாங்ஷன் செய்கிற செக்‌ஷனில் இருந்தவர் ரிட்டயர்டு ஆனதும் அதுவும் இவர் தலையில் விழுந்தது. ‘கூடுதல் பொறுப்பு’ என்பார்கள். சம்பளம் கூடாது. பொறுப்பு மட்டும் கூடும்.

இரண்டு நாள் கழித்துப் போய் நின்றேன்.

“இந்த சீட்லேந்து ரெகமண்ட் பண்ணி அனுப்பிட்டேம்பா. ஆனா அந்த சீட்ல ரிஜெக்ட் ஆயிருச்சு” என்றார்.

“அந்த சீட்ல யாரு சார்?”

“நான்தான்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

“நீங்களே அனுப்பிட்டு நீங்களே வேணாம்னு சொல்லிட்டீங்களா சார்?”

“அந்த சீட்டுக்கு ரூல் வேறப்பா. மாற்று ஆள் இல்லாம கையெழுத்துப் போட்டா நாளைக்கி ஆடிட்ல எவன் பதில் சொல்றது?”

“அதுவும் நீங்கதானே சார்?”

“போய்யா அந்தாண்ட.”

மல்லிகாவுக்கு போன் போட்டேன். மாப்பிள்ளை சங்கர்தான் எடுத்தார். அவருக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. சொன்னேன்.

“எனக்கே லீவு குடுத்துட்டான் மச்சான். நான் காண்ட்ராக்டு. நீ பர்மனென்ட்டு. உனுக்கு இல்லியா?”

ஞானசேகரன் சாரின் இரண்டு சீட்டுக் கதையைச் சொன்னேன்.

“உங்க ஆபீஸ்லதான் எல்லாத்துக்கும் கூடுதல் பொறுப்பு குடுப்பாங்களாமே... தாய்மாமனுக்கும் குடுத்துடலாமா? எங்க பெரியப்பா பையன் சும்மாதான் இருக்கான். மடியும் நல்லா அகலம்.”

பின்னால் மல்லிகா கத்துவது கேட்டது. போனைப் பிடுங்கினாள்.

“அண்ணா, அவுரு பேச்ச உடு. நீ உசுரோட இருக்கும்போது வேற ஒருத்தன் மடியில வெச்சி எம்பொண்ணுக்குக் காது குத்தணுமா? ஊரு என்னா சொல்லும்? பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு. இருந்தாலும் சொல்றேன், நீ வரலன்னா குத்தல. அவ்ளோதான்.”

வைத்துவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

வியாழன் சாயங்காலம். மோட்டாரை நிறுத்திவிட்டு பம்ப் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஞானசேகரன் சார் வண்டியை நிறுத்திவிட்டு நேராக உள்ளே போனார்.

“எந்தத் தொட்டிக்கு எந்த வால்வு? காட்டு.”

“எதுக்கு சார்?”

“மாற்று ஆளுன்னு எம்பேரப் போட்டுட்டேன். இப்ப ரெண்டு சீட்லயும் ஓகே.”

“சார், நீங்க போயி...”

“எனக்கும் தங்கச்சி இருக்குய்யா. காட்டுன்னா காட்டு.”

காட்டினேன். சாவியைக் கொடுத்தேன்.

விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். கோயிலில் கூட்டம். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். வீல் என்று ஒரு சத்தம். என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதது. நான் தலையைப் பிடித்திருந்தேன். ஆனால் நினைப்பு மோட்டாரில். பைப்பில் காற்று அடைத்து ஏர் பிடித்துக்கொண்டால் சாருக்கு எடுக்கத் தெரியாதே?

போன் அடிக்கும், அடிக்கும் என்று இருந்தேன். பந்தியில்கூட இலைக்குப் பக்கத்தில் போன்.

“என்னா மச்சான், மடியில கொழந்த, மனசுல மோட்டாரா?” என்றார் சங்கர்.

போன் அடிக்கவே இல்லை. அதுதான் வினையாயிற்று.

சனிக்கிழமை விடிகாலை வேலைக்குத் திரும்பினேன். எல்லா வீட்டிலும் தண்ணீர் வந்திருந்தது. நான் இல்லாததே யாருக்கும் தெரியவில்லை. சார் கைவிரலில் மட்டும் கிரீஸ் கறை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இன்னோர் ஆள் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தது மேலிடத்தில் ரொம்ப நாளாகக் கிடந்தது. திங்கட்கிழமை அதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாரைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம்.

“அவரு லீவுல போன அன்னிக்கி தண்ணி நின்னுச்சா?”

“நிக்கல சார்.”

“கம்ப்ளெயின்ட் எதுனா?”

“இல்ல சார்.”

“அப்ப ஆளு எதுக்கு?”

முடிந்தது. சாரே வந்து சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் அன்னிக்கி ஒழுங்கா ஏத்தியிருக்கக் கூடாதுப்பா.”

“உடுங்க சார்” என்றேன்.

ஆள் எடுக்காத இடம் எப்படி ஓடுகிறது? தடை போட்டவர்கள் ஓட்டவில்லை. உள்ளே இருக்கிறவன் எப்படியோ சமாளிக்கிறான். அதான் ஓடுகிறதே என்று தடையும் நீள்கிறது. எரிந்துபோன மோட்டாருக்கு அன்றைக்கே பணம் வரும். ஓடுகிற மோட்டாருக்கு ஆயில்கூட வராது. மனிதனுக்கும் அதே கணக்குதான் போலிருக்கிறது.

அதனால் நல்ல மனசுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராளமாக உதவி செய்யுங்கள் — ஒரு தொட்டியை மட்டும் நிரப்பாமல் விட்டுவிடுங்கள்.